பெரிய ஆர்டர், மூன்று மாதக் கடன்: பட்டறையை விரிவுபடுத்தலாமா?

கணபதிப் பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் பம்ப் செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மூன்று சிஎன்சி லேத்துகள் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள்), பதினான்கு பேர், பகலில் மட்டும் பத்து மணி நேர வேலை, வரி நீங்கலாக மாதம் சுமார் 20 லட்ச ரூபாய் விற்பனை. இதுதான் இன்றைய நிலை. வாடிக்கையாளர்கள் பதினோரு பேர். அனைவரும் சிறிய, நடுத்தர பம்ப் உற்பத்தியாளர்கள்.

சென்ற வாரம் பெரிய பம்ப் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவிலிருந்து அழைத்து, மாதம் 15 லட்ச ரூபாய்க்குத் தொடர் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விலை மோசமில்லை. கடன் தவணை, அதாவது சரக்கு கொடுத்தபின் பணம் வரும் கெடு, 90 நாள். அந்த 90 நாளும் அவர்கள் கிடங்கில் ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவுச் சீட்டு) போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. இதற்காக இன்னும் இரண்டு லேத்துகள் வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்; வரியுடன் 59 லட்சம் ஆகும், 45 லட்சம் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. அன்னூர் அருகே அப்பாவின் நான்கு ஏக்கர் தோட்டத்தை அடமானமாகக் கேட்கிறார்கள். மாதம் மூன்றரை லட்சம் கூடுதலாக மிஞ்சும் என்பது என் மனக்கணக்கு. அப்பா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார், அதுதான் உறுத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சூலூர்க்காரன்:

தம்பி, இப்படி ஒரு கம்பெனி தானாகக் கதவைத் தட்டுவது பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டு விடுவார். பயந்துகொண்டே இருந்தால் மூன்று லேத்தோடு ஓய்வு பெற வேண்டியதுதான். ஏற்றுக்கொள்ளுங்கள், பணம் பின்னாலேயே வரும்.

ஈரோட்டுத் தணிக்கையாளர்:

சூலூர் அண்ணா, பணம் பின்னாலேயே வரும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை நாள் பின்னால் வரும் என்பதுதான் என் கேள்வி. கணபதித் தம்பி தனிச் செய்தியில் அனுப்பிய விவரங்களை வைத்துப் போட்ட கணக்கை, அவருடைய அனுமதியுடன் இங்கே தருகிறேன்.

மாதம் 15 லட்ச விற்பனைக்கு பிரைட் பார் (ஷாஃப்ட் கடையும் இரும்புக் கம்பி) 8.5 லட்சம், 18 சதவீத வரியைச் சேர்த்தால் 10 லட்சத்துக்குச் சற்று மேல். இரும்பு வியாபாரி 30 நாள் தவணை தருகிறார். கூலி, மின்சாரம், இன்சர்ட் (வெட்டு முனை), கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) எல்லாமாகச் சேர்ந்து 3 லட்சம். இயந்திரக் கடனின் மாதத் தவணை ஏறத்தாழ ஒரு லட்சம். முதல் மாதம் கடைந்து முடித்து, மாத இறுதியில் பில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிஆர்என் தாமதத்தையும் சேர்த்தால் 90 நாள் என்பது நடப்பில் 105 நாளாகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதல் பில்லின் பணம் ஐந்தாவது மாதத்தின் நடுவில்தான் கணக்கில் ஏறும். அதுவரை இரும்புக்கு நான்கு முறை பணம் கட்டியிருப்பீர்கள், அது 40.1 லட்சம். நான்கரை மாதச் செலவு 13.5 லட்சம். நான்கு தவணைகள் 4 லட்சம். மொத்தம் 57.6 லட்சம். இயந்திரத்துக்கு நீங்கள் கையிலிருந்து போடும் 14 லட்சம் இதில் சேராது. ஒரே ஓர் ஆறுதல் என்னவென்றால், இயந்திரத்துக்குக் கட்டிய 9 லட்ச ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாக, அதாவது விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, இருப்பதால், முதல் சில மாதங்களுக்கு விற்பனை வரியாகக் கையிலிருந்து எதுவும் போகாது.

இலாபக் கணக்குக்கு வருவோம். 15 லட்சத்தில் இரும்பும் செலவும் போனால் 3.5 லட்சம் மிஞ்சுகிறது. தங்களுடைய மனக்கணக்கு இந்த இடத்தில் நின்றுவிட்டது. தவணை ஒரு லட்சத்தையும், 57.6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்தால் வரும் மாத வட்டி 53 ஆயிரத்தையும் கழித்தால் கையில் நிற்பது இரண்டு லட்சம் அளவுதான். இந்த ஆர்டர் நட்டம் தரும் ஆர்டர் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாரக் கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இலாபம் ஐந்தாவது மாதம் வரும் என்று சொல்லி அதைத் தள்ளிவைக்க முடியாது. என்னிடம் கணக்கு எழுதுபவர்களில் மூடிப்போன பட்டறைகளைப் பார்த்தால், விற்பனை குறைந்து மூடியவர்களைவிட, விற்பனை திடீரென்று ஏறிய ஆண்டில் மூடியவர்களே அதிகம்.

கணபதிப் பட்டறை:

ஐயா, இந்தக் கணக்கை இரவு மூன்று முறை படித்தேன். மிக்க நன்றி. ஓர் ஐயம். எங்கள் பட்டறை மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறுந்தொழில். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது அவர்கள் எப்படி 90 நாள் கேட்கிறார்கள்? இதைச் சொல்லி 45 நாளாகக் குறைக்க முடியாதா?

ஈரோட்டுத் தணிக்கையாளர்:

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. 90 நாள் என்று இருவரும் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. நாள் கணக்கு சரக்கு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து தொடங்கும். 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொன்னால் மட்டுமே அது தள்ளிப்போகும். ஜிஆர்என் தேதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். அதற்குமேல், 2023 நிதிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) விதி, அந்தக் காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று வாங்குபவரின் வருமான வரியிலேயே கை வைத்தது.

நடைமுறை வேறு. அந்த விதி மார்ச் 31 அன்று நிலுவையில் இருக்கும் பில்களைத்தான் கடிக்கிறது. ஆகவே பெரிய நிறுவனங்கள் மார்ச் மாதத்தில் பாக்கியைத் தீர்த்துவிட்டு ஏப்ரலில் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றன. கோவையில் உள்ள, சிறுதொழில்களின் பாக்கிப் புகார்களைக் கேட்கும் வசதி மன்றத்தில் முறையிடலாம். ஆனால் முறையிட்ட அன்றே அந்த வாடிக்கையாளரை இழந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பேச்சுவார்த்தை மேசையில் மெதுவாக எடுத்து வைக்கலாம், ஓங்கி அடிக்கக் கூடாது என்பது என் கருத்து.

அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. அவர்கள் ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேல் என்றால் ட்ரெட்ஸ் என்ற பில் தள்ளுபடித் தளத்தில் 2025 மார்ச் 31 க்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தத் தளத்தில் பில்லை அவர்கள் ஏற்றுக்கொண்டால், ஏதாவது ஒரு வங்கி தள்ளுபடி போக மீதியை உங்களுக்கு உடனே கொடுத்துவிடும். அந்த நிறுவனம் பிறகு கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பி வர முடியாது. முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்.

கோபி ஓய்வு மேலாளர்:

முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கையும் சொல்கிறேன். சிறுதொழிலுக்கான நடைமுறை மூலதனத்தை (அன்றாடத் தொழிலில் சுழலும் பணத்தை) ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைப்படி எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் என்று எடுத்து, அதில் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கும், 5 சதவீதத்தைத் தொழில் செய்பவர் போட வேண்டும். உங்கள் கூடுதல் விற்பனை ஆண்டுக்கு 180 லட்சம் என்றால் வங்கி தருவது 36 லட்சம். ஆடிட்டர் சொன்ன தேவை 57.6 லட்சம். இந்த 21.6 லட்சப் பள்ளம் எங்கிருந்து வந்தது என்றால், 25 சதவீதம் என்பது போட்ட பணம் மூன்று மாதத்தில் சுற்றித் திரும்பும் என்ற ஊகத்தில் பிறந்த எண். உங்கள் பணமோ அதைத் தாண்டிச் சுற்றுகிறது. ஆக, 21.6 லட்சமும் இயந்திரத்துக்கான 14 லட்சமும் சேர்ந்து 35 லட்சத்துக்கு மேல் நீங்கள் கொண்டுவர வேண்டும். மாதம் இரண்டு லட்சம் மிஞ்சினால் அதைத் திரும்ப எடுக்க ஒன்றரை ஆண்டு ஆகும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் (சரக்கு, பாக்கிப் பட்டியல்) கொடுக்கும்போது 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பொதுவாக எந்த வங்கியும் எடுக்கும் வரம்புக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் பில் 105 நாளில் வந்தால், கடைசிப் பதினைந்து நாள் அந்தப் பில்லுக்கு வங்கியில் மதிப்பே இல்லை. சிசி (சுழல் கடன்) கணக்கில் வரம்பு இருக்கும், எடுக்க முடியாது. அந்த வாரம்தான் ஆட்கள் ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பதும், தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்குவதும் நடக்கும்.

தோட்டத்தைப் பற்றி. அடமானம் இல்லாத சிறுதொழில் கடனுக்கு அரசு சார்பில் தரும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தின் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடியாக உயர்ந்திருக்கிறது. 45 லட்சத்துக்கு நிலத்தைக் கேட்பது கிளை மேலாளரின் வசதிக்காகத்தான். உத்தரவாதக் கட்டணம் ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு, அதைச் செலவில் சேர்த்துக்கொண்டு, அடமானம் இல்லாத கடனையே எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் வேறு வங்கிக்குப் போகலாம்.

சென்னிமலைத் தறி:

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்து விற்கிறோம். என் மாமனார் காலத்திலிருந்து நடக்கும் தொழில், எட்டு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குகளை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: இருக்கிற மூன்று லேத்தும் ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் சும்மா நிற்கின்றனவே, அதற்குள் எதற்கு இன்னும் இரண்டு? பத்து மணி நேரத்தில் 20 லட்சத்துக்கு வேலை நடக்கிறது என்றால், எட்டு மணி நேர இரண்டாவது ஷிப்டில் 15 லட்சத்துக்கு நடக்க வேண்டும். இரவில் ஆள் கிடைக்காது என்பீர்கள். ஆறு பேரைத் தேடிப் பிடிப்பது கடினம்தான். ஐந்து ஆண்டுத் தவணை அதைவிடக் கடினம். பம்ப் வியாபாரம் கோடையில் ஏறி, மழைக்காலத்தில் இறங்கும். ஷிப்டை நிறுத்திவைக்க முடியும், தவணையை முடியாது.

அந்த ஆறு பேர் வந்தால் மொத்தம் இருபது ஆகிறது. இருபதில் பிஎஃப் கட்டாயம். முதலாளியின் பங்கு நிர்வாகக் கட்டணத்துடன் 13 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 1,950. இருபது பேருக்கும் வந்தால் மாதம் 39,000. ஆடிட்டர் ஐயாவின் கணக்கில் இது இல்லை. பிறகு ஆள் குறைந்தாலும் பிஎஃப் விலகாது. இதைத் தவிர்க்க மனைவி பெயரில் இன்னொரு நிறுவனம் தொடங்கி ஆட்களைப் பிரித்துக் காட்டச் சொல்லி யோசனை தருபவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஒரே கூரை, ஒரே மின் இணைப்பு என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பழைய பாக்கியோடு கேட்பார்கள். எங்கள் தெருவிலேயே நடந்தது.

ஈரோட்டுத் தணிக்கையாளர்:

சென்னிமலை அம்மணி சொன்னது சரி. பிஎஃப்பை விட்டது என் பிழை. மாதம் மிஞ்சுவது 1.6 லட்சம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கும் கொஞ்சம் ஏற்றுமதிக்கும் பனியன் தைத்துக் கொடுக்கிறோம். இந்த ஆர்டர் வந்தபின் அந்த ஒரு நிறுவனம் உங்கள் விற்பனையில் 43 சதவீதம் ஆகிவிடும் என்பதுதான் எனக்குத் தெரியும் பெரிய ஆபத்து. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, இதே ஊரில் ஒரே தெருவில் இருந்த இரண்டு கம்பெனிகளில், ஐரோப்பாவுக்கும் கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்தார். அமெரிக்காவை மட்டுமே நம்பியவர் ஆட்களை ஊருக்கு அனுப்பினார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோதும் இதைத்தான் பார்த்தோம். தைப்பவர் மேல் எந்தத் தவறும் இல்லை, துணி வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் குறை. பழைய பதினோரு வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாள்கூடத் தாமதமாக அனுப்பாதீர்கள். பெரியவர் வந்ததும் முதலில் காத்திருக்கவைக்கப்படுபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

இன்னொன்றை நேரடியாகக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பட்டறையில் விலை போடுவது யார், புதிய பாகத்துக்கு புரோகிராம் போடுவது யார், பாக்கி கேட்டுப் போன் செய்வது யார்?

கணபதிப் பட்டறை:

மூன்றும் நான்தான் அண்ணா. இரும்பு வாங்குவதும் நான்தான். சென்ற ஆண்டு அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தேன். இயந்திரங்கள் ஓடின, ஆனால் கடைந்த ஷாஃப்ட்டுகள் பில் போட ஆளில்லாமல் பெட்டியிலேயே இருந்தன.

நொய்யல்கரை:

அப்படியென்றால் உங்கள் பட்டறையின் கொள்ளளவு லேத்தின் எண்ணிக்கையில் இல்லை தம்பி, உங்கள் ஒருவரின் நேரத்தில் இருக்கிறது. இரவு ஷிப்டில் ஓர் அளவு மாறினால் இரண்டு மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும். நான் செய்ததைச் சொல்கிறேன்: ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஒப்படைக்க முயன்று ஒரு முறை கெட்டேன். பிறகு பில்லும் அனுப்புதலும் மட்டும் முதலில் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, 25,000 ரூபாய் வரையிலான கொள்முதலை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். விலை போடுவதைக் கடைசியாகத்தான் கொடுக்க முடியும். அதற்கு, இந்த வேலைக்கு ஏன் இந்த விலை சொன்னேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதிவையுங்கள். ஓராண்டில் அந்த நோட்டே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடும். உறவினரைக் கொண்டுவரலாமா என்று கேட்பீர்கள். மச்சானை வேலைக்கு வைக்கலாம். சம்பளம் என்ன, பங்கு உண்டா இல்லையா என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுதாமல் வைக்கக் கூடாது.

தீபாவளி போனஸையும் மறக்காதீர்கள். நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். அக்டோபரில் சிசி கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அதோடு நின்றது.

சூலூர்க்காரன்:

முதலில் எழுதியது அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்டரை விடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கிறேன். இத்தனை கணக்கிலும் கனமானது இரும்புதான்: 57.6 இல் 40 லட்சம். அந்த இரும்பை அவர்களே கொடுக்கட்டுமே! நாங்கள் தறித் தொழிலில் காலங்காலமாக அப்படித்தான் நெய்கிறோம். பாவும் நூலும் அவர்களுடையது, கூலி மட்டும் எங்களுடையது. பெரிய கம்பெனி வாங்கும் விலைக்கு உங்களால் பார் வாங்கவே முடியாது, ஆகவே அவர்களுக்கும் இலாபம். 6.5 லட்சத்துக்குக் கடைசல் கூலி பில் போடுங்கள். ஒரே எச்சரிக்கை: வந்த பார் எடை, போன ஷாஃப்ட் எடை, கடைசலில் விழும் இரும்புச் சுருள் எடை மூன்றும் ஒவ்வொரு லோடுக்கும் டேலி ஆக வேண்டும். நூல் கணக்கில் இரண்டு கிலோ இடித்ததற்கு ஒரு வருடக் கூலியை நிறுத்திவைத்த வரலாறு எங்களிடம் உண்டு.

ஈரோட்டுத் தணிக்கையாளர்:

இந்த யோசனை எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். இரும்பு அவர்களுடையது, இயந்திரம் வாங்கவில்லை, இரண்டாவது ஷிப்ட் மட்டும் என்று வைத்தால் நான்கரை மாதச் செலவு 13.5 லட்சம், மூன்று மாத ஜிஎஸ்டி 3.5 லட்சம், ஆக 17 லட்சம் போதும். ஆனால் பில் தொகை குறைவதால் வங்கி வரம்பும் குறையும்; ஆண்டுக்கு 78 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் 15.6 லட்சம்தான். எனினும் பள்ளம் ஒன்றரை லட்சம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிஎஃப்பையும் இரவுப் படியையும் சேர்த்தாலும் நான்கு லட்சத்தைத் தாண்டாது. அவர்கள் பார் அனுப்பும்போது டெலிவரி சலான் கட்டாயம் இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் சரக்கு திரும்பிப் போகவில்லை என்றால் அது விற்பனையாகக் கருதப்பட்டு அவர்கள் மேல் வரி வரும். அந்தக் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். சுருள் யாருக்கு என்பதையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

கணபதிப் பட்டறை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மூன்று முறை பேசினோம். பாரை அவர்களே தர ஒப்புக்கொண்டார்கள். உண்மையில் அவர்களுக்கே அது பிடித்திருந்தது. 45 நாள் என்றபோது கொள்முதல் மேலாளர் சிரித்தார். ட்ரெட்ஸ் பற்றிக் கேட்டபோது சிரிக்கவில்லை. பதிவு இருக்கிறது, புதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் திறப்போம் என்றார். கடைசியில் சரக்கு சேர்ந்த தேதியிலிருந்து 60 நாள் என்று முடிந்தது. சட்டப்படி அதுவும் கூடுதல் என்று எனக்குத் தெரியும். சுருள் அவர்களுக்கு; அதற்கு ஈடாகக் கூலியில் ஒரு ஷாஃப்டுக்கு 2 ரூபாய் ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் நான்கு மாதம் ஆர்டரில் 60 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று நானே சொன்னேன். சூலூர் அண்ணா இதற்குத் திட்டுவார்.

இரவுக்கு ஐந்து பேர் கிடைத்திருக்கிறார்கள். மூன்று பேர் ஒடிசா, இரண்டு பேர் அந்தியூர்ப் பக்கம். பில் போட ஒரு பெண்ணும் வந்து இருபது ஆகிவிட்டோம், பிஎஃப் பதிவை இப்போதே செய்யச் சொல்லிவிட்டேன். விலை நோட்டில் இதுவரை ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதும்போதுதான் இரண்டு பழைய வாடிக்கையாளர்களுக்கு நட்டத்தில் கடைந்து கொண்டிருந்தது தெரிந்தது, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, எடைத் தராசுக்கு முத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டார். நாளை போடுகிறார்கள், முதல் லோடு வியாழக்கிழமை வருகிறது.